வலது பக்கம்

மார்பில் சூடு பட்ட பிறகுதான், தேநீர் தன் வாயிலிருந்து வழிகிறது என்று பார்கவுக்குத் தெரிந்தது.

"என்ன டாக்டர் சாஹேப், கழுத்துல துண்டு கட்டி விடவா?" என்றாள் கிருபா. காது மூக்கு தொண்டைப் பிரிவில் அவனோடு மேற்படிப்புப் படிப்பவள்.

"உன் டீயை வாயே வேணாம்னு துப்புது."

தேநீரை ஊற்றிக் குடித்த சாஸரைக் கீழே வைத்துவிட்டு வலது கன்னத்தைத் தடவினான். விரலுக்குக் கன்னம் தெரிந்தது. கன்னத்துக்கு விரல் தெரியவில்லை.

கொரோனாவின் இரண்டாம் அலை வடிந்திருந்த அகமதாபாத்தின் பிற்பகல். ஏர்கூலர் முனகிக்கொண்டிருந்த வார்டில், பிழைத்துவிட்டோம் என்று பேடா கொடுத்துக் கொண்டாடிய வீடுகளிலிருந்து வந்தவர்கள் ஒற்றைக் கண்ணில் கட்டோடு படுத்திருந்தார்கள். ஸ்பிரிட் நெடிக்கு அடியில் ஈர ரொட்டி மக்கும் வாடை ஒன்று எப்போதும் இருந்தது. பார்கவும் போன மாதம் பேடா கொடுத்தவன்தான். மூச்சுத் திணறியபோது ஸ்டீராய்டு, அதனால் ஏறிய சர்க்கரை, அதன்மேல் அம்மா நெய்யில் செய்த மோகன்தால் இனிப்பு. கன்னம் மரத்தால் உடனே வாருங்கள் என்று நோயாளிகளுக்கு ரயில் நிலைய அறிவிப்புக் குரலில் தினமும் சொல்கிறவனும் அவன்தான்.

வராந்தாவுக்குப் போனான். வேப்பங்காற்று அடித்தது. வாடையும் கூடவே வந்திருந்தது.

முகக்கவசத்தால் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறது என்று இரண்டு நாளாக நினைத்திருந்தான். கழற்றிப் பார்த்தான். கண்ணாடி சுத்தமாக இருந்தது. வலது பக்கம் மட்டும் மூட்டம்.

மூக்குக்குள் தானே சுரண்டி, மருந்துத் துளியில் கரைத்து, நுண்ணோக்கியில் வைத்தான். கடலைமாவில் பொரித்த ஃபாஃப்டா போல அகலமான பட்டைகள், கணுவே இல்லாமல், கிளைத்துக் கிளைத்து.

கிருபா குனிந்து பார்த்தாள். "அடேங்கப்பா, கருப்புப் பூஞ்சை! காடு மாதிரி இருக்கே. எந்த பெட்?"

"இன்னும் பெட் போடல. எனக்குத்தான்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பிறகு நிறுத்தினாள்.

நோயாளி நாற்காலியில் அவனே உட்கார்ந்தான். கண்ணுக்குத் தொடுகை தெரிந்தால் சைனஸைச் சுரண்டி, ஊசி போட்டுக் கண்ணைக் காப்பாற்றப் பார்க்கலாம். பார்வையும் மங்கி, தொடுகையும் செத்திருந்தால், கண்ணை எடுத்துவிடச் சொல்வார் பெரிய டாக்டர். அந்த வார்டில் பாதிப் பேருக்கு அப்படித்தான் எடுத்திருந்தார்கள்.

கிருபா பஞ்சைத் திரித்து மெல்லிய நூலாக்கினாள்.

"மேல பாரு. நூல் கண்ணுல பட்டா சொல்லு."

மேலே பார்த்தான். பயம் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. அதுவும் மரத்திருக்கலாம்.

"தொடு, கிருபா."

அவள் ஸ்டூல் மட்டும் கிரீச்சிட்டது.

"கை நடுங்குதா? பரவால்ல, தொடேன்."

அவள் இரண்டு கைகளும் மடியில் இருந்தன. வெறுங்கைகள்.

அவள் நெற்றியில் கட்டியிருந்த வட்டக் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. இடது கண்ணால் பார்த்தான்.

வலது கருவிழியின் மேல் பஞ்சு நூல் படிந்து கிடந்தது. இமை திறந்தே இருந்தது.