கழித்துவிட்ட துடிப்பு

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவள், நாள் முழுக்க மற்றவர்களுக்கு பிரேக்கைப் பற்றித்தான் பாடம் எடுப்பாள். தன் வாய்க்கு மட்டும் பிரேக் கிடையாது. அவளிடம் வண்டி கற்றுக்கொண்ட நர்ஸ் ஒருத்தி அன்று காலை வாசலில் வந்து நின்றதும், என்ன ஏது என்று முழுதாகக் கேட்பதற்குள், "எங்க அண்ணி பார்த்துப்பாங்க, கவலைய விடு" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

அண்ணி, காப்பீட்டு நிறுவனத்தில் சந்தேகத்துக்கு இடமான விபத்துகளை விசாரித்தே முடி நரைத்தவர். அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் நிதானம். வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. அவர் நர்ஸை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னார்.

இனி குணமாகாது என்று ஆனவர்களை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் நர்ஸுக்கு வேலை. அங்கே மூலையறை நோயாளியை வைத்து ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. மெத்தைக்கு அடியில் படிகங்கள் பதித்த ஒரு விரிப்பு. படுத்திருப்பவரின் மூச்சும் இதயத்துடிப்பும் அந்தப் படிகங்களை லேசாக அழுத்தும்போது கொஞ்சம் மின்சாரம் பிறக்கும். விரிப்பைச் செய்தவர் ஓர் இயற்பியல்காரர். அதிலிருந்து வரும் அலையைப் பிரித்துப் பார்த்து, வாய் திறந்து சொல்ல முடியாதவருக்கு எவ்வளவு வலிக்கிறது என்று கணிப்பது ஒரு கணிதப் பேராசிரியையின் வேலை. பதிவு மதியத்தில் நடக்கும். அப்போது உறவினர்கள் வெளியே போய்விட வேண்டும். நர்ஸ் மட்டும் ஒரு முறை எட்டிப் பார்ப்பாள்.

கொஞ்ச நாளாக, சில மதியங்களில் அவருடைய வலி திடீரென்று அடங்குகிறது. எழுதிக் கொடுத்த மருந்தில் எந்த மாற்றமும் இல்லை. அப்படியானால் யாரோ திருட்டுத்தனமாகக் கூடுதல் மருந்து ஏற்றுகிறார்கள். உள்ளே போகிற ஒரே ஆள் நர்ஸ். தலைமை மருத்துவருக்கு வேறு கணக்கு தேவைப்படவில்லை.

"ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டா விஷயம் வெளிய வராதுன்னு சொல்றார்" என்றாள் நர்ஸ். "செய்யாத தப்புக்கு நான் எதுக்குங்க எழுதணும்? நாளைக்கு விசாரணை. உரிமம் போச்சுன்னா இனி எந்த ஆஸ்பத்திரியிலயும் சேர்க்க மாட்டாங்க. போனாலும் போகட்டும், எழுத மாட்டேன்."

அவள் குரல் உறுதியாகத்தான் இருந்தது. விரல்கள் மட்டும் பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தன.

அன்றே மூவரும் இல்லத்துக்குப் போனார்கள். மூலையறை நோயாளி பேருந்து ஓட்டுநராக இருந்தவர் என்று கேட்டதும், நிதானத்தின் நாத்தனாரான பயிற்சிப் பள்ளிக்காரிக்கு அவர் மேல் தனிப் பாசம் வந்துவிட்டது. அவர் கட்டிலின் ஒரு விளிம்போடு ஒட்டிப் படுத்திருந்தார். நர்ஸ் அவரை மெல்ல நடுவுக்கு நகர்த்தி, பக்கத்தில் தலையணை வைத்தாள். அவள் திரும்புவதற்குள் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் விளிம்புக்கே போய்விட்டார்.

"எப்பவும் இப்படித்தான். விழுந்துடுவாரோன்னு பயமா இருக்கு" என்றாள் நர்ஸ்.

"டிரைவர் சீட்டை விட்டு வர மாட்டேங்கிறார்" என்றாள் நாத்தனார். நிதானம் சிரிக்கவில்லை. காலியாகக் கிடந்த பாதிக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்காலியில் இருந்த நோயாளியின் மனைவி அதிகம் பேசவில்லை. பதிவு நேரத்தில் அறைக்கு வெளியே நடையில் இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். அவருடைய மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம் வளைந்து, நழுவிக்கொண்டே இருந்தது. கடையில் கொடுத்துச் சரிசெய்து வருகிறேன் என்று நாத்தனார் கை நீட்டினாள்.

"வேணாம்மா. மறுபடியும் வளைஞ்சுடும்" என்றார் அந்த அம்மாள்.

அடுத்து இயற்பியல்காரர். விரிப்பு எடையைக் காட்டுமா என்று நிதானம் கேட்டார்.

"காட்டாதுங்க. அழுத்தம் மாறினா மட்டும்தான் படிகம் பேசும். மேல ஒரு மூட்டையை வெச்சீங்கன்னா வைக்கும்போது ஒரு துள்ளல், எடுக்கும்போது ஒரு துள்ளல். நடுவுல மூட்டை இருக்கறதே அதுக்குத் தெரியாது."

பேராசிரியை திரையில் அலைகளைக் காட்டினார். வலி அடங்கிய ஒவ்வொரு மதியத்திலும், அடங்கிய பகுதிக்கு முன்னாலும் பின்னாலும் ஓர் இடைவெளி இருந்தது. யாரோ கட்டிலில் இடித்த வெறும் இரைச்சல், அதனால் கழித்துவிட்டேன் என்றார் அவர். கழித்ததைப் பத்திரமாக வைத்திருக்கிறாரா என்று நிதானம் கேட்டார். எதையும் அழிக்கிற வழக்கமில்லை என்று பதில் வந்தது. நிதானம் அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். நாத்தனார் காதைத் தீட்டிக்கொண்டு நின்றும் ஒன்றும் பிடிபடவில்லை.

திரும்பும் வழியில், இயற்பியல்காரர்தான் குற்றவாளி, தன் விரிப்புக்குப் பேர் வாங்க ஊசி போட்டிருக்கிறார் என்று நாத்தனார் தீர்ப்பே எழுதிவிட்டாள்.

"ஊசி போட்டா வலி எப்படித் திரும்பி வரும்?" என்றார் நிதானம்.

"கொஞ்சம் கொஞ்சமா."

"இங்க எப்படி வருது?"

நாத்தனார் யோசித்தாள். "சட்டுனு."

"அதை மனசுல வெச்சுக்க."

மறுநாள் பதிவு நேரத்துக்குச் சற்று முன்னால் எல்லோரும் மூலையறையில் கூடினார்கள். நோயாளியின் முன்னாலா பேசுவது என்று தலைமை மருத்துவர் முகம் சுளித்தார். அவர்தான் முக்கியமான சாட்சி என்று சொல்லிவிட்டு நிதானம் ஆரம்பித்தார்.

"மருந்து மெதுவா ஏறும், மெதுவா இறங்கும். இங்க ஒரு துள்ளல், உடனே வலி அடங்குது. இன்னொரு துள்ளல், உடனே திரும்புது. எந்த மருந்தும் எழுந்து நடந்து போகாதுங்க."

"கட்டில்ல யாரோ மூட்டை வெச்சாங்கன்னு சொல்றீங்களா?" என்றார் மருத்துவர்.

"மூட்டைக்கு இதயம் கிடையாது. நீங்க சொல்லுங்க, டீச்சர்."

பேராசிரியை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "படுக்கையில ஒரு இதயம்தான் இருக்கும்னு கணக்குக்கு நான்தான் சொல்லிவெச்சேன். அதனால ரெண்டாவது துடிப்பு வந்தப்ப, அதையும் குப்பைன்னு தள்ளிடுச்சு. நேத்து தள்ளினதை எல்லாம் திருப்பி எடுத்துப் பார்த்தேன். ரெண்டு பேர் படுத்திருக்காங்க. ஆரம்பத்துல ரெண்டு மூச்சும் வேற வேற. போகப் போக இவரோட மூச்சு அந்த மூச்சோட சேர்ந்துடுது."

அது யார் என்று தான் சொல்லப்போவதில்லை, நர்ஸ் மருந்து கொடுக்கவில்லை என்று காட்ட இதுவே போதும் என்றார் நிதானம். போதாது, ஆள் யாரென்று தெரியாமல் விசாரணையை மூட முடியாது என்றார் மருத்துவர்.

நாத்தனாருக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கண்ணாடியோடு ஒருக்களித்துப் படுத்தால் அது வளையாமல் என்ன செய்யும்? வாயைத் திறந்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக பிரேக் போட்டு நிறுத்தினாள்.

நாற்காலி நகர்ந்தது. "நான்தான்" என்றார் மனைவி.

கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தபடியே பேசினார். "வெளிய பெஞ்சுல உக்காந்திருப்பேன். உள்ள இவர் முனகுறது கேக்கும். நர்ஸ் பார்த்துட்டுப் போனதும், நடையில ஆள் இல்லாத நாள்ல வந்து படுத்துப்பேன். கல்யாணம் ஆனதுலேருந்து ஒரே கட்டில்ல படுத்தவங்க நாங்க. சாகப்போறப்ப மட்டும் நான் நாற்காலியில உக்காரணுமா? ஆராய்ச்சியைக் கெடுத்துட்டேன்னு தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவீங்கன்னு பயந்தேன். பழி இந்தப் பொண்ணு தலையில விழுந்திருக்குன்னு இப்பத்தான் தெரியும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லம்மா" என்றாள் நர்ஸ். நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

தலைமை மருத்துவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, விசாரணை இல்லை என்றார். தன் அவசரப் புத்திக்கு நர்ஸிடம் மன்னிப்பும் கேட்டார். இயற்பியல்காரர் விரிப்பின் வயரைப் பிடுங்கக் குனிந்தார். வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று மனைவி தடுத்துவிட்டார்.

கட்டிலில் ஏதோ உரசும் சத்தம். அவர் பக்கத்திலிருந்த தலையணையைத் தள்ளிவிட்டு, மூச்சு வாங்க வாங்க, கொஞ்சம் கொஞ்சமாக விளிம்புக்கு நகர்ந்துகொண்டிருந்தார். அது டிரைவர் சீட் இல்லை என்று நாத்தனாருக்குப் புரிந்தது. பக்கத்தில் ஒருவருக்கு இடம் விடுகிறார்.

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலின் பக்கக் கம்பியை இறக்கினாள். "பதிவு நேரம் ஆச்சு. எல்லாரும் வெளிய போங்க. டாக்டர், நீங்களும்தான்."

மருத்துவர் மறுபேச்சில்லாமல் நடந்தார். பழக்க தோஷத்தில் மனைவியும் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குக் கிளம்பினார்.

நர்ஸ் அவர் கையிலிருந்த பையை வாங்கி நாற்காலியில் வைத்தாள்.

"நீங்க எங்கம்மா போறீங்க?" என்றாள்.