பின்னால் உட்கார்ந்து ஓட்டும் விண்கலம்

எங்கள் வீட்டில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "மின்னல்" என்றுதான் கூப்பிடுவார்கள். நான் ஓடுவதில் மின்னல் இல்லை, ஓட்டப் பந்தயத்தில் எப்போதும் கடைசிதான். என் விரல்கள்தான் மின்னல்.

எங்களுடையது பழைய பொம்மைக் கட்டைக் கடை. தலையில் குமிழ் குமிழாக இருக்குமே, ஒன்றின் மேல் ஒன்று வைத்து அழுத்தினால் 'டக்' என்று பிடித்துக்கொள்ளுமே, அந்தப் பிளாஸ்டிக் கட்டைகள்! பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீடுகளில் அவை பெட்டி பெட்டியாகச் சும்மா கிடக்கும். அப்பா போய் வாங்கி வருவார். ஒட்டியிருப்பதை எல்லாம் முதலில் பிரித்துவிடுவோம். பிறகு அப்பா அவற்றை வலைப் பையில் போட்டு, சோப்புத் தண்ணீரில் அலசுவார். அண்ணன் காயவைத்து, நிறம் பார்த்து டப்பாக்களில் கொட்டுவான். அம்மா எடை போட்டு விற்பார்.

பிரிக்கிற வேலையில் என்னை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. ஒரு பெட்டியைப் பிரிக்க அண்ணனுக்கு அரை மணி நேரம் ஆகும். எனக்குப் பதினெட்டு நிமிடம் போதும். ஒவ்வொரு சனிக்கிழமையும் நானே ஆசைப்பட்டு வந்து உட்காருவேன். எவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருந்தாலும் சரி, என் நகம் பட்டால் கழன்று வந்துவிடும்.

கடையில் ஒரே ஒரு சட்டம் உண்டு. யாராவது யோசித்துச் செய்த முழுப் பொம்மை ஏதாவது பெட்டிக்குள் இருந்தால், அதைப் பிரிக்கக் கூடாது. அம்மாவிடம் காட்ட வேண்டும். அம்மா அதை மேல் தட்டில் ஒரு வாரம் வைத்திருப்பார். "ஐயையோ, தெரியாம குடுத்துட்டோம்!" என்று ஓடி வருகிறவர்கள் உண்டு.

அந்தச் சனிக்கிழமை காலையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்தது. "இன்னைக்குப் பதினஞ்சே நிமிஷம்! பாக்கறியா?" என்று அண்ணனிடம் சவால் விட்டேன்.

"பாத்துடலாம்," என்று அவன் கடிகாரத்தின் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

பத்து நிமிடம் போனது. பெட்டியின் அடியில் பெரிதாக ஒன்று கையில் தட்டுப்பட்டது. வெளியே எடுத்தேன். மூக்கு கூராக இருந்தது, இரண்டு இறக்கைகள் இருந்தன. ஆனால் ஒரு இறக்கை நீளம், இன்னொன்று குட்டை. அது போகட்டும். ஓட்டுகிற குட்டிப் பொம்மை மனிதரைக் கொண்டுபோய் வால் பக்கம் உட்கார வைத்திருந்தார்கள்! பயணிகள் மூன்று பேரும் முன்னால் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரோ ஒரு வாண்டு கண்டதைக் கண்ட இடத்தில் ஒட்டி வைத்திருக்கிறது, இதெல்லாம் முழுப் பொம்மையில் சேர்த்தி இல்லை என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவிடம் காட்டப் போனால் ஒரு நிமிடம் வீணாகும் என்றும் நினைத்தேன்.

டக், டக், டக்.

"பதினாலரை!" என்று அண்ணன் கத்தினான். நான் எழுந்து நின்று கடைக்கே ஒரு வணக்கம் போட்டேன்.

மதியம் மூன்று மணி இருக்கும். ஒரு அம்மாவும் ஒரு பையனும் அவசர அவசரமாகக் கடைக்குள் வந்தார்கள். பையனுக்கு எட்டு வயது இருக்கலாம். கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கி வழுக்கி இறங்கியது, அவன் அதைத் தள்ளித் தள்ளி ஏற்றினான்.

"ஏங்க, காலையில ஒரு பெட்டி குடுத்தேன்," என்றார் அந்த அம்மா. "ரெண்டும் ஒரே மாதிரி பெட்டி. மாத்திக் குடுத்துட்டேன். அதுல இவன் செஞ்ச விண்கலம் இருந்துச்சு."

"நாளைக்குக் காலையில லைப்ரரியில கண்காட்சி," என்றான் பையன். "புத்தகத்தைப் பாத்துச் செய்யக் கூடாது. நாமளே யோசிச்சுச் செய்யணும். எதுக்கு அப்படிச் செஞ்சோம்னு மேடையில சொல்லணும்."

எங்கள் அம்மா மேல் தட்டைப் பார்த்தார். அங்கே ஒரு வீடும் ஒரு ஒட்டகச்சிவிங்கியும்தான் இருந்தன.

"இங்க வரலையேங்க. வந்திருந்தா இந்தத் தட்டுலதான் இருக்கும். எங்க மின்னல் அதுல ரொம்பச் சரியா இருப்பா. முழுசா எது கிடைச்சாலும் என்கிட்ட காட்டாம பிரிக்கவே மாட்டா. வீட்லயே இன்னொரு தடவை தேடிப் பாருங்களேன்."

நான் வாயைத் திறக்கவே இல்லை. ஆனாலும் அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியாகிவிட்டது. அதுவும் எனக்காக, என் அம்மாவின் வாயால்.

பையன் தலையைக் குனிந்துகொண்டே வாசல் வரைக்கும் போய்விட்டான். இன்னும் இரண்டு அடி வைத்தால் தெருவுக்குப் போய்விடுவான். யாருக்கும் எதுவும் தெரியாது.

"வந்துச்சும்மா," என்றேன். "நான்தான் பிரிச்சேன்."

தொட்டியில் அலசிக்கொண்டிருந்த அப்பாவின் கை நின்றது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பையன் மெதுவாகத் திரும்பி வந்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டான்.

"அது விண்கலம்னு உங்களுக்குத் தெரியலையாக்கா?"

"தெரியல," என்றேன்.

"விடுடா கண்ணா, வேற ஒண்ணு செஞ்சுக்கலாம்," என்றார் அவன் அம்மா.

"ஒரே ராத்திரியிலயா? இதுக்கு ஒரு மாசம் ஆச்சும்மா."

எங்கள் அம்மா ஒரு பெரிய பை நிறையக் கட்டைகளை அள்ளி நீட்டினார். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். அழவில்லை. அழாமல் இருப்பதற்கு அவன் படுகிற பாட்டைப் பார்க்க எனக்குத்தான் அழுகை வந்தது.

"நானே திரும்பக் கட்டித் தர்றேன்," என்று சொல்லிவிட்டேன்.

"நீயா?" என்றான் அண்ணன். "உனக்குப் பிரிக்கத்தானே தெரியும்?"

அவன் சொன்னது சரிதான். ஆயிரம் பொம்மைகளைப் பிரித்திருக்கிறேன். ஒன்றைக்கூடக் கட்டியதில்லை. ஆனால் சொன்ன வார்த்தையை இனிமேல் எப்படி விழுங்குவது?

நானும் பையனும் பிரிக்கும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம்.

"எப்படிச் செஞ்சேன்னு சொல்லு. அப்படியே வைக்கறேன்."

"தெரியலக்கா. தினமும் மாத்தி மாத்தி வெச்சேன். எதுக்கு வெச்சேன்னு மட்டும்தான் எழுதியிருக்கேன்." சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த காகிதம் ஒன்றை எடுத்தான். மேடையில் பேச வேண்டியது அதில் இருந்தது.

நான் அந்த விண்கலத்தை மனதுக்குள் கொண்டுவரப் பார்த்தேன். மூக்கையும் இறக்கைகளையும் தவிர ஒன்றும் வரவில்லை. ஒழுங்காகப் பார்த்திருந்தால் அல்லவா வரும்! கண்ணை மூடினேன். கைகள் தாமாகவே காலையில் செய்ததைச் செய்யத் தொடங்கின. இடது கை பிடித்துக்கொண்டது, வலது கை கிளப்பியது.

"என்ன, காத்துல மாவு பிசையறியா?" என்று அண்ணன் கேட்டான்.

"பேசாதே!" என்றேன். "தம்பி, எழுது! முதல்ல ஒரு மூடி, கீல் வெச்சது. அப்புறம் நாலு சுவர். அப்புறம் நீளமா ஒண்ணு, ரொம்ப இறுக்கமா இருந்துச்சு, நகம் வலிச்சுது..."

என் கண்ணுக்குத் தெரியாதது என் விரல்களுக்குத் தெரிந்திருந்தது. அவன் காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தான். முடித்தபோது இருபத்தேழு வரிகள் இருந்தன.

"இப்போ கீழே இருந்து மேலே படி. நான் கடைசியா எடுத்ததை முதல்ல வைப்போம்."

அவன் கண்ணாடிக்குப் பின்னால் முதல் தடவையாக ஒரு வெளிச்சம் வந்தது.

கட்டைகளைத் தேடுவதுதான் பெரிய பாடு. எல்லாம் டப்பாக்களில் ஆயிரத்தோடு ஆயிரமாகக் கலந்திருந்தன. சில இன்னும் அப்பாவின் தொட்டியில் கிடந்தன. அதே மாதிரி வேறு கட்டை போதும் என்றான் பையன், ஒரே ஒரு மஞ்சள் தட்டைக்கட்டையைத் தவிர.

"அதுல அடையாளம் இருக்கும். பல்லால கடிச்சுக் கழட்டினேன்."

"எங்க கடைக்கு வர்ற கட்டையில பாதி அப்படித்தான்," என்றார் அப்பா. அப்படிச் சொல்லிவிட்டு, மஞ்சள் டப்பாவை மேசையில் கவிழ்த்து, ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கத் தொடங்கினார். பதினோரு கடித்த கட்டைகள் கிடைத்தன. பையன் ஒவ்வொன்றையும் தன் பல்லில் வைத்துப் பார்த்து, ஒன்பதாவதை "இதுதான்!" என்றான்.

இறக்கைகளுக்கு வந்தோம்.

"இந்தப் பக்கம் ஏன் குட்டை? கட்டை தீர்ந்துபோச்சா?"

அவன் காகிதத்தைத் திருப்பிப் படித்தான். "வீட்டு ஞாபகம் வருபவர்கள் இந்தப் பக்கம் உட்காரலாம். இறக்கை நீளமாக இருந்தால் பூமியை மறைத்துவிடும்."

நான் குட்டை இறக்கையைக் கவனமாக வைத்தேன். அந்தப் பக்கம் உண்மையிலேயே ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. காலையில் அதை நான் பார்க்கவே இல்லை.

"டிரைவர் ஏன் பின்னாடி?"

இதற்கு அவன் காகிதத்தைப் பார்க்கவில்லை. "எங்க ஸ்கூல் வேன்ல டிரைவர் முன்னாடி இருக்காரு. பின்னாடி யாராவது அழுதா அவருக்குத் தெரியறதே இல்ல. இதுல அவரு பின்னாடி இருந்தா எல்லாரையும் பாத்துக்கிட்டே ஓட்டலாம்."

அழுதது யார் என்று நான் கேட்கவில்லை. காலையில் அதைப் பார்த்துச் சிரித்ததை நினைத்தபோது வெட்கமாக இருந்தது. ஓட்டுநர் இருக்கையை வைத்து, நன்றாக அழுத்தினேன். ஓட்டுநரையும் உட்கார வைத்தேன்.

காகிதத்தின் உச்சியில் இரண்டே வரிகள் மிச்சம். நாலு சுவர். ஒரு மூடி. அப்படியென்றால் வாலுக்கு மேலே ஒரு குட்டி அறை வர வேண்டும். நான் திகைத்துப் போனேன்.

"இதுக்குள்ள என்ன இருந்துச்சு? எனக்கு ஒண்ணுமே ஞாபகம் வரலையே!"

"ஒண்ணும் இல்லக்கா. காலியாத்தான் இருந்துச்சு."

"எதுக்கு அது? உன் காகிதத்துலயும் இல்லையே."

அவன் தன் அம்மா எங்கே இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினான். "அதை மேடையில சொல்ல மாட்டேன். அது கோபம் வந்தா போய் உட்கார்ற ரூம். விண்வெளியில கோவிச்சுக்கிட்டு வெளியே போக முடியாதில்ல? மூச்சு முட்டிடும்."

"எவ்வளவு நேரம் உட்காரணும்?"

"கோபம் போற வரைக்கும். யாரும் கதவைத் தட்டக் கூடாது. சீக்கிரம் வா, சீக்கிரம் வான்னு கூப்பிடவும் கூடாது."

நாலு சுவரையும் வைத்தேன். மூடியைக் கீலில் மாட்டினேன். இருபத்தேழு வரிகளும் முடிந்துவிட்டன. விண்கலம் மேசை மேல் முழுசாக நின்றது. அண்ணன்கூடக் குனிந்து சின்ன ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தான். ஆனால் பையன் சிரிக்கவில்லை.

கேட்கப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டேன். "என் மேல கோபமா?"

"ஆமாக்கா."

"ரொம்பவா?"

"ரொம்ப."

அவன் ஓட்டுநரை இருக்கையிலிருந்து எடுத்தான். குட்டி அறைக்குள் வைத்தான். மூடியைச் சாத்தினான்.

நாங்கள் இரண்டு பேரும் அந்த மூடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தொட்டியில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. எனக்கு எதையும் சீக்கிரம் செய்துதான் பழக்கம். அந்த மூடியைத் திறக்க என் விரல்கள் துறுதுறுத்தன. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

அவன் அம்மா எட்டிப் பார்த்தார். "அடேயப்பா, முடிச்சிட்டீங்களா! கிளம்பலாமாடா?"

"இரும்மா. டிரைவர் இன்னும் வரல."

அவர் என்னைப் பார்த்தார். நான் மூடியைப் பார்த்தேன். தெருவில் ஒரு பேருந்து வந்து நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அதற்குப் பின் இன்னொன்றும் வந்து போனது. நான் தட்டவில்லை. கூப்பிடவும் இல்லை.

பிறகு பையன் ஒற்றை விரலால் மூடியைத் திறந்தான். ஓட்டுநரை வெளியே எடுத்துப் பின் இருக்கையில் உட்கார வைத்தான். பயணிகளைப் பார்க்கிற மாதிரி அவர் தலையைக் கொஞ்சம் திருப்பிவிட்டான்.

"வந்துட்டாருக்கா," என்று சிரித்தான். "போலாம்."