எதிர்த்தட்டு

கீழே வெல்டிங் நின்ற பிறகும் தட்டும் சத்தம் நிற்கவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்த ஜானகி, கையைத் தண்ணீருக்குள் அப்படியே வைத்துக்கொண்டு காது கொடுத்தாள். காலையிலிருந்து விடாத தூறல் ஜன்னல் தகரத்தில் விழும் ஓசை, பக்கத்து வீட்டு மிக்ஸி, சந்து முனையில் கிளம்ப மறுக்கும் ஆட்டோ, இவற்றுக்கெல்லாம் அடியில், கீழே ஷெட்டிலிருந்து, இரும்பின்மேல் விட்டு விட்டு ஒற்றைத் தட்டு. சுத்தியல் இல்லை. மோதிரம் போட்ட விரலால் தட்டினால் வருமே, அந்த மெல்லிய, சுத்தமான சத்தம். அவள் புருஷன் பச்சைமுத்து மோதிரம் போடுகிறவன் இல்லை.

நீலசந்திராவில் அவர்கள் இருந்த வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் கார் நிறுத்த என்று கட்டிய இடத்தில் ஒரு நாளும் கார் நின்றதில்லை. பச்சைமுத்து அங்கேதான் லாரிகளுக்குப் பம்பர், மட்கார்டு, டூல்பாக்ஸ், பின்னால் ஏறும் ஏணி எல்லாம் வெட்டி ஒட்டிக் கொடுத்துக் குடும்பம் நடத்தினான். கல்யாணமான புதிதில் ஆள் வைக்க வழியில்லாமல் ஜானகியே தகட்டின் மறுபக்கம் நின்று பிடித்துக்கொள்வாள், சில நாள் இடம் மாறி அவளே வெட்டவும் செய்வாள். வெட்டும் இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. அதனால் இருவரும் தட்டிப் பேசினார்கள். மறுபக்கம் நிற்பவர் இரண்டு முறை தட்டினால் வெட்டலாம். ஒரு முறை தட்டினால், நிறுத்து, இங்கே என் கை இருக்கிறது. நிறுத்திவிட்டால் மறுபடி இரண்டு தட்டு வராமல் கட்டரைத் தகட்டில் வைக்கக் கூடாது, தலை போகிற அவசரமானாலும் சரி. அந்தக் கட்டுப்பாட்டால்தான் இத்தனை வருஷத்தில் யாருக்கும் ஒரு நகம்கூடப் போகவில்லை. அவர்கள் மகன் அசோகன் பேச்சு வருவதற்கு முன்பே அதைப் படித்துக்கொண்டான். பசித்தால் கிண்ணத்தில் ஸ்பூனால் இரண்டு, போதுமென்றால் ஒன்று.

அந்த அசோகன் வளர்ந்து லாரி ஓட்டினான். போன மழைக்காலத்தில் அத்திபெலே தாண்டி, நடுரோட்டில் நின்றிருந்த டிரெய்லரின் பின்னால் அவன் லாரி மோதிக் கேபின் நசுங்கியது. கிரேன் வரத் தாமதமாகும் என்று கிளீனர் போன் செய்ததும் பச்சைமுத்து சிலிண்டர்களையும் கேஸ் கட்டரையும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினான். நெருப்புப் படாமல் இருக்க ஈரச் சாக்கை இடுக்கு வழியாக மகன் மடியில் திணித்துவிட்டு வெட்ட ஆரம்பித்தான். உள்ளேயிருந்து இரண்டு தட்டு வந்தது, அசோகன் விரலில் இருந்த எவர்சில்வர் மோதிரத்தின் சத்தம். வெட்டினான். கொஞ்சம் கழித்து ஒரு தட்டு வந்தது. நிறுத்தினான். கையில் கட்டரோடு தூறலில் நின்று அடுத்த இரண்டு தட்டுக்காகக் காத்திருந்தான். அது வரவே இல்லை.

காரியம் முடிந்த அன்று ஜானகி அழுகையோடு அழுகையாகச் சொன்னாள்: "நான் இருந்திருந்தா வெட்டியிருப்பேன்." பச்சைமுத்து அவளை நிமிர்ந்து பார்த்தான். சொன்ன வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. ஆனால் சொன்னது சொன்னதுதான், அதற்கப்புறம் அவன் அவளிடம் சரியாகப் பேசவில்லை.

பிறகு ஒரு நாள், அத்திபெலே குஜிரிக் கடையில் பழைய இரும்போடு இரும்பாகக் கிடந்த அந்தக் கேபினை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து ஷெட்டில் இறக்கினான். வேறு வேலை எடுப்பதை விட்டுவிட்டான். மடங்கிய தகட்டை இழுத்து நிமிர்த்தினான், தான் வெட்டிய வெட்டுகளைத் தேடித்தேடி ஒட்டினான். நேற்று சாப்பாடு கொண்டுபோன ஜானகி பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"எதுக்குய்யா இதெல்லாம்?"

"எங்க வெட்டினேனோ அங்கயே ஒட்டறேன். அவன் இன்னும் ரெண்டு தட்டு குடுக்கல இல்ல."

கண்ணாடி இருந்த இடங்களைக்கூடத் தகடு வைத்து அடைத்திருந்தான். டிரைவர் பக்கத்துக் கதவு மட்டும்தான் பாக்கி.

"காத்துகூடப் போகாம இப்படி அடைச்சா எப்படி?"

"தூறல் உள்ள போவுது," என்றான், அவளைப் பார்க்காமல். "அவனுக்குக் குளிருது."

ஜானகி சோற்றை வைத்துவிட்டு மேலே வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். மகன்தான் போனான், இந்த மனுஷனாவது மிஞ்சட்டும் என்று வாயில் வந்த சாமியை எல்லாம் கும்பிட்டாள். டாக்டரிடம் கூட்டிப்போகலாம், ஊர் மாற்றலாம், கேபினைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று என்னென்னவோ யோசித்தாள். யோசனைக்கு நடுவே மாடிப்படி வழியாக ஒரு வாடை ஏறி வந்தது. ஈரச் சாக்கு கருகும் வாடை. ஷெட்டில் சாக்கே கிடையாது, அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒன்றுவிடாமல் அவள்தான் தூக்கிப் போட்டிருந்தாள்.

அதெல்லாம் நேற்று. இன்றைக்கு, அரிசியை உலையில் போட்டுவிட்டு அவள் கை துடைக்கும்போது பக்கத்து வீட்டு விஜி குடையோடு படியேறி வந்தாள்.

"அக்கா, அண்ணங்கிட்ட கொஞ்சம் சொல்லுங்களேன். மத்தியானம் பூரா டொக்கு டொக்குன்னு தட்டிக்கினே இருக்காரு. குழந்தை திடுக்குனு எழுந்துக்குது."

"மத்தியானம் அவரு தூங்கினாரும்மா. இங்கதான், என் பக்கத்துல."

விஜி அவள் முகத்தைப் பார்த்தாள். குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

இருட்ட ஆரம்பித்த நேரத்தில் கீழே வெல்டிங் மறுபடி சீறியது. பழகிய சத்தம்தான் என்று ஜானகி ஜன்னலோரம் நின்று கேட்டாள். எப்போதும் அந்த நீல வெளிச்சம் எதிர்வீட்டுச் சுவரில் விழுந்து விழுந்து எழும், சந்தில் போகிறவர்கள் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு போவார்கள். இன்று சுவர் இருட்டாகவே இருந்தது. சத்தமும் மூடி போட்ட பாத்திரத்துக்குள்ளிருந்து வருவதுபோல் அமுங்கி வந்தது.

உள்ளே உட்கார்ந்து ஒட்டுகிறான்.

அது புரிந்த நொடியில் கரண்ட் போனது. மிக்ஸி நின்றது, வெல்டிங் நின்றது, சந்து முழுக்க அடங்கியது. அந்த அமைதியில் கீழிருந்து இருமல் கேட்டது.

ஜானகி விழுந்தடித்துக்கொண்டு படியிறங்கினாள். "விஜி, யாரையாவது கூப்பிடு" என்று கத்தினாள். பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஆட்கள் வருவார்கள். வந்து என்ன செய்வார்கள், அந்தச் சந்தில் கட்டர் பிடிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து நுழைந்தாள். போன் வெளிச்சத்தில் கேபின் முழுசாக நின்றது, ஷோரூமிலிருந்து வந்ததுபோல் மடிப்பில்லாமல், கண்ணில்லாமல். கதவின் ஓரம் நெடுக உள்ளிருந்து ஒட்டிய சூட்டில் பெயின்ட் கருகிக் கோடாக உரிந்திருந்தது. வெல்டிங் ஒயர் அதன் கனத்துக்கே அடித்தகட்டில் போட்ட துளை வழியாக உள்ளே போயிருந்தது, வேறு இடுக்கில்லை. கைப்பிடி இழுத்தால் அசையவில்லை. கூரை மூலையில், எங்கோ ஊசித்துளை அளவு விட்டுப்போன இடத்தில், புகை நூலாகக் கசிந்தது.

"யோவ், நான்தான்யா. கேக்குதா?"

இருமல். நீண்ட இருமல். பிறகு தகட்டுக்குப் பின்னால் அவன் குரல், வெகுநாளைக்குப் பிறகு சந்தோஷமாக.

"ஜானகி, இருக்கான். கை ஜில்லுன்னு இருக்கு. வெட்டு, ரெண்டு பேரும் வந்துர்றோம்."

சிலிண்டரைத் திறந்தாள், லைட்டரைத் தட்டினாள். மஞ்சளாக எழுந்த சுடரை நீலமாகும்வரை திருகினாள். மறந்துபோயிருக்கும் என்று நினைத்த கைகள் எதையும் மறந்திருக்கவில்லை.

உள்ளே மறுபடி இருமல். கதவின் அடிப்பக்கத்திலிருந்து சுத்தியல் தட்டு வந்தது. கனமான தட்டு. அவள் புருஷனுடையது. இரண்டு.

வெட்டலாம்.

கதவின் மேல் ஓரத்தில் சுடரை வைத்தாள். தகடு சிவந்தது. சுடர் பட்ட அதே இடத்தில், தகட்டுக்கு அந்தப் பக்கம், மோதிரம் தட்டியது.

ஒன்று.

கை தானாகப் பின்னால் வந்துவிட்டது. கருகிய சாக்கு வாடை மூக்கில் ஏறியது. "அசோகா," என்றாள். "அப்பாவ விட்டுர்றா, கண்ணு. அம்மாவுக்கு வேற யாருடா இருக்காங்க."

சுடரை ஒரு சாண் தள்ளி வைத்தாள்.

ஒன்று. அங்கேயே.

கீழே இறக்கினாள்.

ஒன்று.

கூரைப் பக்கம் எட்டி வைத்தாள். பின் தகட்டுக்கு ஓடினாள். குழாய் இழுத்தது. கண்ணை நீர் மறைத்தது. எங்கே வைத்தாலும் அங்கே. இங்கே என் கை இருக்கிறது, அம்மா. இங்கே. இங்கேயும்.

அடியில் சுத்தியல் தட்டியது. இரண்டு. முன்னைவிட மெதுவாக.

நான் இருந்திருந்தா வெட்டியிருப்பேன். அவள்தான் சொன்னாள்.

ஷட்டருக்கு வெளியே ஆட்களின் காலடி. தூறல். கட்டரின் சீறல். தகட்டிலிருந்து விரலளவு தள்ளி நீலச் சுடர் நின்றது. ஜானகி அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சுத்தியல் ஒரு முறை தட்டியது. இரண்டாவதற்காக அவள் காத்திருந்தாள்.