நீல வெளிச்சத்தில் கூறைச் சேலை

மாலை ஏழரை மணிக்குச் சுடுகாட்டுக் காட்சி முடிந்து திரை விழுந்தது. அடுத்த நிமிடமே மேடைக்குப் பின்னாலிருந்து ராசம்மா போட்ட கூச்சலில் தலவாக்கலைத் தகரக் கொட்டகையே எழுந்து நின்றது. அவள் பெட்டியில் கழற்றி வைத்துவிட்டுப் போன அட்டிகையைக் காணோம்.

அட்டிகை அவளுடையதல்ல. அவளுக்கு முன் ராணி வேஷம் கட்டிய அழகம்மையுடையது. 1936 ஆடி மழையில், வட்டவளையில் காய்ச்சல் கண்டு இரண்டே நாளில் போய்ச் சேர்ந்தவள். அதுவரை திரை இழுத்துக்கொண்டிருந்த அவள் புருஷன் கந்தப்பன், அதன்பிறகு விளக்கு மாஸ்டர் தம்பையாவிடம் வேலை பழகினான்.

பழகினான் என்று பேர்தான். மேடை மரத்தடியில் அழகம்மை நின்று அழுத இடத்துக்கே அவன் வெளிச்சம் போகும். "ஆளு நிக்கிற எடத்துல போடுப்பா. ஆளில்லாத எடத்துல போட்டு என்னா பண்ண?" என்று தம்பையா தினமும் திட்டுவார்.

இன்றைக்கு ஒழுங்காகத்தான் போட்டான். காஸ்லைட்டுக்கு முன்னால் நீலக் கண்ணாடியைத் தள்ளியதும், ராசம்மாவின் வெற்றிலைச் சிவப்பு உதடுகள் கரியாகிவிட்டன. முன்வரிசைப் பெண்கள் பயந்து பிள்ளைகளை அணைத்துக்கொண்டார்கள்.

நாடகம் பார்க்க வந்திருந்த இன்ஸ்பெக்டர் துரைராசா யாழ்ப்பாணத்துக்காரர். "கதவைச் சாத்துங்கோ. ஒருத்தரும் வெளியில போகக்கூடாது" என்றார்.

கம்பெனி முதலாளி பொன்னையா அந்தக் குளிரிலும் வியர்த்து நின்றார். சுவரோரம் எல்லாருடைய குடைகளும் விரித்தபடி காய்ந்துகொண்டிருக்க, அவர் குடை மட்டும் கக்கத்தில் சுருண்டு தண்ணீர் சொட்டியது.

"திருடன் இல்லீங்க ஐயா. அழகம்மைதாங்க வந்தா."

"நீர் எங்க நிண்டு பார்த்தனீர்?"

"வாசல்ல டிக்கட் குடுத்துக்கிட்டு இருந்தேங்க. சுடுகாட்டுக் காட்சி தொடங்கவும் மழையில ஓடியாந்து மேடை ஓரமா நின்னேன். மரத்துக்குப் பக்கத்துல அவ நின்னா."

கந்தப்பனுக்கு அட்டிகை மறந்துபோயிற்று. "எப்படி இருந்தா முதலாளி?"

"அப்படியே இருந்தா கந்தப்பா. பொதைக்கையில கட்டிவிட்டோமே கூறைச் சேலை, அதேதான். ஒன் நீல வெளிச்சம் அவ மேல நல்லா விழுந்துச்சு. செவச்செவன்னு நின்னு ஒன்னையே பாத்துக்கிட்டு இருந்தா."

கந்தப்பன் தேம்பி அழுதான். வந்திருக்கிறாள், தன்னைப் பார்த்திருக்கிறாள். இத்தனை நாள் ஏங்கியது இதற்குத்தானே!

சட்டென்று அழுகை நின்றது. பேசாமல் இருந்துவிடலாம் என்று மனம் கெஞ்சியது. வாயைத் திறந்தால் அவள் வரவில்லை என்றாகிவிடும்.

"செத்தும் திருடுறாளே பாவி!" என்றாள் ராசம்மா.

அதை அவனால் தாங்க முடியவில்லை.

"ஐயா, நீலக் கண்ணாடி வெளிச்சத்துல செவப்பு தெரியாதுங்க. கருப்பாத்தான் தெரியும். அது பிந்தி வாறவங்களுக்கு வாசல்ல அரை டிக்கட் விக்கிற நேரம். முதலாளி ஒரு நாளும் இந்தக் காட்சியப் பாத்ததில்லீங்க. இன்னிக்கும் பாக்கல."

இன்ஸ்பெக்டர் விளக்கை ஏற்றச் சொன்னார். நீலக் கண்ணாடியின் முன் ராசம்மாவின் சிவப்புச் சால்வையைப் பிடித்தார்கள். கன்னங்கரேலென்று இருந்தது.

"எல்லாரும் மேடையைப் பார்க்கேக்க நீர் பெட்டியடியில நிண்டிருக்கிறீர்" என்றார் இன்ஸ்பெக்டர். "அது போகட்டும். நனைஞ்ச குடையை எல்லாரும் விரிச்சுக் காயவிட, நீர் மட்டும் ஏன் கக்கத்துக்குள்ள இறுக்கி வச்சிருக்கிறீர்? விரியும் பார்ப்பம்."

பொன்னையா குடையை இன்னும் இறுக்கினார். இன்ஸ்பெக்டரே பிடுங்கி விரித்தார். அட்டிகை பலகைமேல் விழுந்தது.

ஆளாளுக்குக் கந்தப்பனின் முதுகைத் தட்டினார்கள். அவனுக்குச் சந்தோஷமே இல்லை. பெண்டாட்டியைத் தன் வாயாலேயே இன்னொரு தரம் புதைத்த மாதிரி இருந்தது.

கூட்டம் கலைந்தபின் விளக்கை மரத்தடிக்குத் திருப்பினான். அங்கே யாரும் இல்லை. தம்பையா பக்கத்தில்தான் நின்றார். இன்றைக்குத் திட்டவில்லை.