துணைக்கு வந்தவள்

சுந்தரபாண்டியத்து வீட்டு வாசலில் ஹபீபுன்னிசா வண்டியை விட்டு இறங்கியபோது அவளை யாரும் எதிர்பார்த்து நிற்கவில்லை. வாந்திபேதி கண்ட வீட்டில் அவளுடைய மாட்டு வண்டிச் சத்தம் கேட்டாலே ஒருத்தராவது தெருவுக்கு ஓடி வருவார்கள். இங்கே வீட்டுக்காரன் சோணைமுத்து வேப்பமரத்தடியில் நின்றபடி, உச்சிவெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"நீங்களுமா? ஒங்க ஆளு அப்பவே வந்துட்டாவளே. உள்ள எம் பொண்டாட்டி பக்கத்துல உக்காந்திருக்காவ."

ஹபீபுன்னிசாவுக்கு ஆள் என்று யாரும் கிடையாது. இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ஊர்க்காரர்கள் சேர்ந்து போட்ட ஓலைக் கொட்டகையில் வைத்தியம் பார்க்க ஒரு டாக்டர் இருந்தார், வண்டி ஓட்டச் சமுத்திரம் இருந்தான். வீட்டாரிடம் பேசி, பயத்தைப் போக்கி, பெண்களைக் கூட்டிவர அவள் ஒருத்திதான். புருஷனை இதே நோய்க்குக் கொடுத்த பிறகு அவளாக வந்து ஏற்றுக்கொண்ட வேலை அது. கொட்டகைக்குப் போனால் உயிரோடு திரும்ப முடியாது என்று நோயாளியைக் குதிருக்குப் பின்னால் ஒளித்துவைத்த வீடுகள்கூட, "நான் கூடவே இருப்பேன் தாயி" என்று அவள் சொன்ன ஒரு வார்த்தைக்குக் கதவைத் திறந்தன.

அவள் குனிந்து உள்ளே போனாள். வெயிலில் இருந்து வந்த கண்ணுக்கு முதலில் எதுவும் தெரியவில்லை. புளித்த வாந்தி வாடையும் சாணி மெழுகிய தரையின் வாடையும் அவளுக்குப் பழகியவை. அவற்றுக்கு மேலே இன்னொரு வாடை, அப்போதுதான் வெட்டிப் புரட்டிய ஈரமண்ணின் வாடை, அறை முழுக்க நிறைந்திருந்தது. மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

பாயில் சோணைமுத்துவின் மனைவி சுடலையம்மாள் மட்டும் கிடந்தாள். கண்கள் குழி விழுந்து, விரல்கள் நெடுநேரம் தண்ணீரில் ஊறியது மாதிரிச் சுருங்கிப் போயிருந்தன. அவள் பக்கத்தில், தரையில், ஓர் ஆள் உட்கார்ந்து எழுந்த அளவுக்கு ஈரம்.

"யாரு தாயி வந்தது?"

"இப்பத்தான் எந்திரிச்சுப் போனாவ." குரல் கரகரவென்று காற்றாக வந்தது. "பாலம்மானு பேரு சொன்னாவ. தண்ணி கேட்டாவ. பானையில இருந்த அம்புட்டையும் குடிச்சிட்டாவ."

ஹபீபுன்னிசா பானைக்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் செம்மண் படிந்திருந்தது.

பத்து நாளாக அவள் யாரிடமும் சொல்லாத பேர் அது. பாலம்மாள் சோழபுரத்தில் களையெடுத்துப் பிழைத்தவள், கேட்க நாதியில்லாதவள். கொட்டகைக்கு வரும் வழியில் ஹபீபுன்னிசாவின் மடியிலேயே வாந்தி எடுத்தாள். ஹபீபுன்னிசாவுக்கு மூன்று நாள் தூக்கமில்லாத உடம்பு. சேலையில் ஊறி இறங்கிய அந்த ஈரம் தொடையில் பட்டதும், புருஷன் செத்த கோலம் கண்முன் வந்தது. இந்த வண்டியை விட்டு இறங்கினால் போதும் என்றிருந்தது. "போயிட்டா போல இருக்கே, பீவியம்மா" என்று சமுத்திரம் திரும்பிப் பார்த்துக் கேட்டபோது, மூக்கருகே விரல் வைத்துக்கூடப் பார்க்காமல், "ஆமா" என்றாள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் கொட்டகைக்குப் பின்னால் இருந்த குழியில் இறக்கினார்கள். முதல் கூடை மண் விழுந்தபோது பாலம்மாளின் உதடு அசைந்தது. தண்ணி என்று அசைந்தது. சுற்றிலும் நின்றவர்கள் ஹபீபுன்னிசாவை உயிர் காக்க வந்த மகராசி என்று கையெடுத்துக் கும்பிடுகிறவர்கள். அவர்கள் முன்னால் வாயைத் திறக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. இரண்டாவது கூடை விழுந்தது. அவள் திரும்பி நடந்துவிட்டாள்.

சுடலையம்மாளை வண்டியில் ஏற்றினார்கள். சோணைமுத்து கும்பிட்டு, "ஒங்கள நம்பித்தாம்மா அனுப்புறேன்" என்றான். அந்தக் கும்பிடு அவள் முகத்தில் அறைந்தது மாதிரி விழுந்தது.

வழியெல்லாம் புழுதி. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரிந்து, பின்னால் தங்கி மறைந்தது. சுடலையம்மாள் ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்தாள். "அந்தா, அவிய வண்டிக்கு முன்னால நடந்து போறாவ." ஹபீபுன்னிசா நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் மாடுகள், முன்னால் போகிற யாரையோ இடிக்காமல் நடப்பவை போல, அடியளந்து நடந்தன.

சுடலையம்மாளை டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டு அவள் வண்டியடிக்கு வந்தாள். சமுத்திரம் மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"சமுத்திரம், அந்தச் சோழபுரத்துப் பொம்பள குழியில எறக்கும்போது சாகலப்பா. நான் பாத்தேன். பாத்துட்டும் சும்மா இருந்துட்டேன்."

அவன் கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"தெரியும் பீவியம்மா. நானுந்தான் பாத்தேன்." அவன் தலை நிமிரவில்லை. "நீங்க சொல்லுவீகன்னு நான் இருந்தேன்."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவன் மண்வெட்டியை எடுத்தான். பாலம்மாளைத் தோண்டி எடுத்துத் தனியாக, மரியாதையாக அடக்கம் பண்ணுவது என்றுதான் எண்ணம். பாலம்மாளுக்குப் பிறகு அதே குழியில், வேறு வேறு நாளில், ஒரு கிழவரையும் ஒரு சிறு பெண்ணையும் வைத்திருந்தார்கள். ஒருவர் மேல் ஒருவராக, ஒரு முழம் மண் இடைவிட்டு.

வெயில் சாய்ந்திருந்தது. பனைமரங்களின் நிழல் குழிமேல் நீண்டு கிடந்தது. ஒரு காக்கை கூட இல்லை. மண் இளகி வந்தது. ரொம்ப இளகி வந்தது.

ஒரு முழத்தில் சிறுமி இருக்கவேண்டும். இல்லை.

இன்னொரு முழம். கிழவரும் இல்லை.

சமுத்திரம் நிறுத்தினான். மூச்சு வாங்கியது அவனுக்கு மட்டும் இல்லை. கீழே இருந்தும் கேட்டது.

"வேண்டாம் பீவியம்மா."

அவள் இறங்கினாள். கையாலேயே மண்ணை ஒதுக்கினாள். ஒரு தலை. அதன் அருகே இன்னொரு தலை. படுத்த தலைகள் இல்லை. நிமிர்ந்த தலைகள்.

மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அடிக்குழியில். முழங்கால் முட்ட, வட்டமாக. சிறுமி ஒரு கையால் கிழவரைப் பிடித்திருந்தாள், மறு கையால் பாலம்மாளை. கிழவருக்கும் பாலம்மாளுக்கும் நடுவே மண்ணை வழித்து, சுத்தமாகத் தட்டி, ஓர் ஆள் உட்கார இடம் விட்டிருந்தது.

பாலம்மாளின் வலது கை அந்த இடத்துக்கு மேலே நீண்டிருந்தது. உள்ளங்கை மேலே பார்த்து. விரல்கள் விரிந்து.

ஈரமாக.