சத்தம் எதுவும் கேட்கவில்லை

அம்பிட்டிய பஸ்ஸிலிருந்து இறங்கி மேட்டில் ஏறும்போதே மழை கட்டி இருட்டிவிட்டது. பகல் மூன்று மணிதான். சாந்தகுமாரின் வீட்டில் லைட் எரிந்தது. கொரியாவில் மூன்று வருடம் அவனும் நானும் ஒரே அறையில் படுத்தவர்கள். ஒரே பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நின்றவர்கள். அவன் சவப்பெட்டியில் ஊர் வந்து எட்டு மாதமாகிறது. லீவில் வந்த நான் இன்றுதான் எட்டிப் பார்க்கிறேன். சாக்குச் சொல்ல இனி எதுவும் மிச்சமில்லை.

அவன் மனைவி ஐரின் கதவைத் திறந்தாள்.

"வாங்க ரவி அண்ணே. நனைஞ்சிட்டீங்களா?"

இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே சிவப்புப் பல்பு. மேசையில் அவனுடைய போன், கண்ணாடி மூலையில் உடைந்திருந்தது. அறை முழுக்க மெஷின் எண்ணெய் மணம். எனக்கு மட்டும்தான் அடித்ததோ என்னவோ.

"இதுல ஒரே ஒரு பாட்டுத்தான் இருக்கு," என்றாள். "யாரோ அழுவுற மாதிரி பாடுறாரு. எப்பிடிக் கேக்குறதுன்னே வெளங்கல. அவருக்கு அதுன்னா உசிரு. சொல்லித் தாங்கண்ணே."

அது பான்சோரி, கொரியாக்காரர்களின் கதைப்பாட்டு. ஒருவர் நின்று கதையைப் பாடுவார், இன்னொருவர் உட்கார்ந்து மேளம் தட்டுவார். மணிக்கணக்கில் போகும். புதிதாகக் கேட்பவனுக்குத் தொண்டை கட்டினவர் கத்துவது போலத்தான் இருக்கும். எனக்குக் கடைசிவரை அப்படித்தான் இருந்தது. சாந்தன்தான் அதில் பித்துப் பிடித்து அலைந்தான்.

"மெட்டைத் தேடாதீங்க தங்கச்சி. மொதல்ல மேளத்தைப் புடிச்சிக்கோங்க. பாடுறவரு மூச்சு வாங்க நிப்பாட்டுவாரு. அந்த எடத்துல கேக்குறவங்க 'ஒல்சூ'ன்னு ஒரு குரல் குடுக்கணும். கதை கேக்கையில நாம 'ம்' கொட்டுற மாதிரி."

"குடுக்காட்டி?"

"பாடுறவரு தனியா நிக்கிற மாதிரி ஆயிரும்."

சொல்லும்போதே அவன் செத்த நாள் ஞாபகம் வந்தது. சாந்தன் வேலை நேரத்திலும் இந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டு, நடுவில் தொங்கிய பிளாஸ்டிக் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து "ஒல்சூ!" என்று கத்துவான். நாங்கள் சிரிப்போம். அன்றைக்கும் கத்தினான். மூன்று தரம். குரல் மாறித்தான் இருந்தது. இவனுக்கு வேறு வேலையில்லை என்று நான் என் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு திரையை விலக்கியபோது மெஷின் அவனை மார்புவரை இழுத்திருந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

விசாரிக்க வந்தவர்களுக்கு எழுதிக் கொடுத்தேன்: 'சத்தம் எதுவும் கேட்கவில்லை.'

"நீங்க எழுதினதை ஃபாதர் வாசிச்சுக் காட்டினாரு," என்றாள் ஐரின். "சத்தமே போடல்லன்னா நோவாமத்தானே போயிருப்பாரு. அதை வச்சுத்தான்ணே நான் தூங்குறேன்."

நான் தலையாட்டினேன். தலையாட்ட எனக்கு வெட்கமில்லை.

அவள் பாட்டைத் தட்டினாள். மேளம் ஒரு தட்டு. கரகரத்த குரல் எழுந்து, இழுத்து, நின்றது.

"ஒல்சூ," என்றாள் ஐரின், கூச்சத்தோடு. லேசாகச் சிரித்தாள்.

மறுபடி குரல் எழுந்தது. மறுபடி நின்றது. அவள் வாயைத் திறக்குமுன்,

"ஒல்சூ!"

அலுமாரிப் பக்கமிருந்து வந்தது.

"பாட்டுக்குள்ள வேற ஆளுங்க இருக்காங்களாண்ணே?"

"இல்ல."

பாடுகிறவரையும் மேளக்காரரையும் தவிர அதில் யாருமில்லை. கொரியாவில் எங்கள் அறையில் நூறு தரம் கேட்டிருக்கிறேன்.

ஐரின் கதிரையை விட்டு எழுந்தாள். எட்டு மாதத் துக்கமும் ஒரு நொடி அந்த முகத்தை விட்டுப் போயிருந்தது. "அவருதான்," என்று கிசுகிசுத்தாள். "சந்தோசமா இருக்காரு."

எண்ணெய் மணம் இன்னும் கூடியது.

மூன்றாவது தரம் பாட்டு நின்றது.

"ரவீ!"

மழை கூடக் கேட்கவில்லை.

"ரவீ... மெஷினை நிப்பாட்டுடா!"

ஐரின் போனை அணைத்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுச்சாண்ணே?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் அதற்காகத்தான் காத்திருந்தாள்.

"எனக்கு ஒன்னும் கேக்கல," என்றேன்.

அவள் போய்க் கதவைத் திறந்துவிட்டாள். "போங்க," என்றாள். அண்ணே என்று சொல்லவில்லை.

அடுத்த வாரம் மஹய்யாவவில் என் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே அந்தப் போன். கடிதம் இல்லை. பேட்டரி ஊதிப்போயிருந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். சாவியைக் கழுத்தில் கட்டியிருக்கிறேன்.

ஆனாலும் தினமும் மூன்று மணிக்கு உள்ளே மேளம் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிற்கிறது.

"ரவீ!"

"வர்றேன்டா சாந்தா! இந்தா வந்துட்டேன்!" என்று கத்துகிறேன். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்க்கிறார்கள். கத்திக் கத்தி என் குரலும் அந்தப் பாட்டுக்காரர் குரலைப் போலவே உடைந்துவிட்டது. அலுமாரியைத் திறந்தும் பார்த்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு அவன் மறுபடி கூப்பிடுகிறான், இன்னும் பலமாக.

அவனுக்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.