அசையாமல் நின்றவள்

அரை மணி நேரம். யாருக்காக ஒருத்தி பனியில் அசையாமல் அரை மணி நேரம் நிற்பாள்?

இருட்டறையின் சிவப்பு விளக்கடியில் மருந்துத் தட்டை மெல்ல ஆட்டியபடி இன்னாசிமேரி அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். தட்டில் கிடந்த கண்ணாடிப் பிளேட்டில் கொள்ளிடக் கரையும் நாணலும் ஒற்றைப் பனையும் வெள்ளை கறுப்பாய், கறுப்பு வெள்ளையாய் நிறம் மாறி எழும்பி வந்தன. பனையடியில் கறுப்பாய் ஓர் உருவம். அச்சுப் போட்டால் அது வெள்ளை முக்காடு போட்ட பெண்.

நிலா வெளிச்சத்தில் படம் எடுக்க லென்ஸ் மூடியைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லித்தந்தவன் அவள் புருஷன் சவரிமுத்துதான். நடுவில் யார் குறுக்கே போனாலும் பிளேட்டில் விழாது. அசையாமல் நிற்பது மட்டும்தான் விழும்.

காலையில் கஞ்சி ஊற்றும்போது கேட்டாள். "ஆத்துல ஒங்களோட யாருங்க இருந்தா?"

"அந்நேரத்துல யாரு இருப்பா? நாணலா இருக்கும்."

"நாணலு முக்காடு போட்டுக்குமா?"

அவன் சிரித்தான். "பொம்பளையா இருந்தா ஒன்ன மாதிரில்ல விழுந்திருப்பா? மூஞ்சி ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கமா!"

சுவரில் அவர்கள் கல்யாணப் படம் தொங்கியது. அதில் சவரிமுத்து தெளிவாக இருந்தான். அவள் முகம் மட்டும் புகைபோல இழுபட்டிருந்தது. மூடியைக் கழற்றிய நேரத்தில் அவனைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். அவ்வளவுதான் அவள் செய்த தப்பு. ஒன்பது வருஷமாக அவன் அவளைப் படமெடுக்கவில்லை. இப்போது கேட்டால், யுத்தத்தால் பிளேட் கிடைக்காத காலம், ஆடுகிறவளுக்காக வீணடிக்க முடியாது என்பான். அரியலூர்க் கல்யாணங்களுக்காகப் பொத்தி வைத்திருந்த பிளேட்டுகளைப் பனிக்கும் நிலாவுக்கும் மட்டும் எடுத்துக்கொண்டு போனான்.

அவளுக்கு வலித்தது அவன் வேறொருத்தியைப் பார்த்தது அல்ல. அந்த வேறொருத்திக்கு நிற்கத் தெரிந்திருந்தது.

படங்களில் மணப்பெண்களின் அம்மைத் தழும்பைச் சுரண்டி மறைக்க அவள் வைத்திருந்த சின்னக் கத்தியை எடுத்தாள். பிளேட்டில் அந்த முகத்தைச் சுரண்டினாள். இடக்கைக்காரி, கீறல்கள் அவளுக்கே உரிய சாய்வில் விழுந்தன. முகம் போய் வெறுங்கண்ணாடி தெரியும்வரை சுரண்டினாள். பிறகு பிளேட்டைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் ஒளித்து, "கைதவறி ஒடஞ்சுபோச்சுங்க" என்றாள். அவன் வேறு பிளேட்டை எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டான். மறுநாள் பின்னிரவிலும் ஆற்றுக்குப் போனான்.

அன்று அவன் கொண்டுவந்த பிளேட்டில் பனையடி காலியாக இருந்தது. அவள் மூச்சு விட்டாள். பிறகுதான் பார்த்தாள். உருவம் கரையிறக்கத்தில், இன்னும் கிட்டத்தில் நின்றது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறுங்கண்ணாடி. அதன்மேல் கீறல்கள். இடக்கைச் சாய்வு.

கத்தி மாடத்திலேயே இருந்தது. இந்தப் பிளேட்டுக்கு அவள் அதை இன்னும் தொடவே இல்லை.

இதை அவனிடம் காட்ட வேண்டும். காட்டினால் முதல் பிளேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்படியா பொறாமைப்படுவாய் என்று அவன் சிரிப்பானே. அந்தச் சிரிப்பை நினைத்து வாயை மூடிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அவன் கிளம்பியபோது, "இன்னிக்கு வேணாங்க" என்றாள்.

"பௌர்ணமி புள்ள. இந்தப் பனி இனி அடுத்த வருஷந்தான்."

"அப்ப நானும் வரேன்."

"நீ வந்து ஆடுனீன்னா படம் கெடும். தூங்கு."

அவன் தலையில் துண்டை அவளே இறுக்கிக் கட்டினாள். இடக்காதுக்கு மேல் இரட்டை முடிச்சு. இது என் ஆள் என்று யாருக்கோ சொல்வதுபோல.

விடியற்காலைக் கோயில் மணி அடிக்கும் முன் பிளேட் பெட்டி வழக்கம்போல இருட்டறை வாசற்படியில் இருந்தது. ஈரமாக இருந்தது. எப்போதும் பின்வாசலில் அவன் கால் கழுவும் சத்தம் கேட்கும். இன்று கேட்கவில்லை. பீடி வாசமும் இல்லை. ஆற்றுச் சேற்றின் வாடை, நாணல் அழுகும் வாடை, அதற்கடியில் நெடுநாள் மூடிக்கிடந்த பெட்டியைத் திறந்தாற்போல் ஒரு மக்கிய நெடி. பெட்டியோடு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். கதவிடுக்கில் வெளிச்சம் நுழையாதபடி கறுப்புத் துணியைத் திணித்தாள். பிளேட்டை மருந்தில் இறக்கித் தட்டை ஆட்டினாள்.

முதலில் வானம் வந்தது. பிறகு கரை. பிறகு அந்த முக்காட்டுக்காரி, வெகு கிட்டத்தில்.

பக்கத்தில் இன்னொருவர்.

தோளோடு தோள். தலையில் துண்டு. இடக்காதுக்கு மேல் இரட்டை முடிச்சு. இம்மியும் அசையவில்லை. அரை மணி நேரமும் நின்றிருக்கிறான்.

அப்படியானால் மூடியைக் கழற்றியது யார்? திரும்பப் போட்டது யார்?

அவன் முகம் இன்னும் எழவில்லை. தட்டை ஆட்டினாள். தாடை விளிம்பு வந்தது. கழுத்து வந்தது. நடுவில் ஒன்றும் வரவில்லை. கண்ணாடி. கீறல்கள். அதே சாய்வு.

கதவு மெல்லத் தட்டப்பட்டது.

"இன்னாசி."

அவன் குரல்தான்.

"வெளிய வா புள்ள. பனி இன்னும் கலையல. ஒன்ன ஒரு படம் எடுக்கறேன்."

ஒன்பது வருஷம் அவள் காத்திருந்தது இந்த ஒரு வார்த்தைக்காகத்தான். அவள் கை தானாகத் தாழ்ப்பாள்வரை போனது. இரும்பு பனிக்கட்டிபோலச் சில்லிட்டது. காலடியில் கதவிடுக்குத் துணி நனைந்து வெளுத்துக்கொண்டே வந்தது. அதைத் தாண்டி வெள்ளையாய்ப் பனி தரையோடு தரையாக உள்ளே ஊர்ந்து அவள் கால்விரல்களைத் தொட்டது.

"சும்மா வந்து நடுவுல நில்லு. நாங்க புடிச்சுக்கறோம். ஆடமாட்ட."

நாங்க.

தட்டில் அவர்கள் இருவருக்கும் நடுவே, சற்று முன்வரை இல்லாத ஓர் ஆள் அகல இடைவெளி தெரிந்தது.

அவள் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள்.

"நான் வரலைங்க," என்றாள் மெதுவாக. "எனக்கு நிக்கத் தெரியாது."